ஒன்றாம் எண்

பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

காலை பதினோரு மணி. அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள்.

குழந்தைகளுக்குக் கால் சுடுகிறதாம். தினமும் இரண்டு வேளை நனைக்க வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு தண்ணீர் லாரி வருகிறது.

தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. ஓரமாக ஓடி வந்து அவன் காலைத் தொட்டது.

சுட்டது.

போன வருடம் வரை இங்கே நிஜப் புல் இருந்தது. இந்தக் குடியிருப்பில் ஒன்பது வருடம் அவன்தான் அதை வெட்டினான்.

ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு முறை. மார்கழியில் பனி காய்ந்த பிறகுதான் புல்வெட்டும் இயந்திரத்தை எடுக்க வேண்டும். தை பிறந்தால் பத்து நாளைக்கு ஒரு முறை. பங்குனியில் இருபது நாள். அக்னி நட்சத்திரத்தில் தொடவே கூடாது.

யாரும் சொல்லித் தரவில்லை. முதல் இரண்டு கோடையில் புல்லைக் கருகவிட்டுக் கற்றுக்கொண்டது.

இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு பிடி இருக்கும். ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். ஐந்தில் வைத்தால் புல் மூன்று விரல் உயரம் நிற்கும். ஒன்று என்றால் தரையோடு.

ஒன்பது வருடத்தில் ஒன்றில் வைத்தது ஒரே ஒரு முறை.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வேதநாயகம். அவர் மகளின் வரவேற்பு, போன அக்னியில், இந்தப் புல்தரையில்.

"ஒண்ணுல வெச்சு வெட்டுப்பா. கார்பெட் மாதிரி இருக்கணும்."

"இந்த வெயில்ல வெட்டினா காஞ்சிடும் சார்."

"நீ என்ன, புல்லுக்கு டாக்டரா?"

பந்தல்காரர்கள் சிரித்தார்கள்.

வெட்டினான். புல்லின் வெள்ளை அடித்தண்டு தெரிந்தது. தலையில் எண்ணெய் தடவ ஆள் இல்லாத பிள்ளையின் மண்டை மாதிரி. ராத்திரி விளக்கில் எல்லாம் பச்சையாகத்தான் தெரிந்தது. போட்டோ நன்றாக வந்ததாம்.

மறுநாள் தண்ணீர் கேட்டான்.

குடிக்கவே லாரித் தண்ணீர், இதில் புல்லுக்கா என்றார்கள்.

பத்து நாளில் தேங்காய் நார் நிறம்.

சங்கக் கூட்டத்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள். கதவோரம் நின்றான். வேதநாயகம் அவனைப் பார்க்காமல் பேசினார். விவரம் தெரியாதவன் கையில் மிஷினைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார்.

அவன் காத்திருந்தான்.

அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அந்த வரவேற்பில் சாப்பிட்டவர்கள். காய்ந்துவிடும் என்று அவன் அன்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் செல்போனைப் பார்த்தார். ஒருவர் மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னார்.

பிளாஸ்டிக் என்று முடிவானது.

அவனை நிறுத்திவிடலாம் என்று யாரோ சொன்னபோது வேதநாயகம்தான் தடுத்தார்.

"பாவம், இருந்துட்டுப் போகட்டும்."

அதற்கு அவன் கைகூப்பினான். கூப்பிய கையை இந்த ஒரு வருடமும் அவனால் மறக்க முடியவில்லை.

குழாயை மூடினான்.

நிழலில் நின்றபடி வேதநாயகம் கூப்பிட்டார். நாளைக்குப் பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள். இங்கேதான்.

"சுத்தமா இருக்கணும்ப்பா. கார்பெட் மாதிரி."

"சரிங்க சார்."

பம்ப் அறைக்குப் போனான். மூலையில் இருந்த தார்ப்பாயை இழுத்தான். இயந்திரத்தின் மேல் ஒரு வருடத் தூசு. பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, சின்ன ஜெனரேட்டரின் பெட்ரோல் கேனிலிருந்து புதிதாக ஊற்றினான். பிளேடைத் துடைத்தான்.

பிடி ஒன்றிலேயே இருந்தது.

அதை மாற்றவில்லை.

தள்ளிக்கொண்டு வெயிலுக்கு வந்தான். ஈரமான பச்சை முழுக்கப் பளபளத்தது.

கயிற்றை இழுத்தான்.

இன்ஜின் எடுக்கவில்லை.

காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தான்.