முரடன் போன பிறகு

மலையில் தங்கம் எடுப்பவர்கள் சயனைடைக் கைவிட்டார்கள் என்று கேட்டதும் ஓடையிலிருந்த கெண்டை மீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதன் சொந்தபந்தமெல்லாம் ஒரே காலையில் செத்து மிதந்தது அந்தச் சனியனால்தான்.

இப்போது பொடித்த கல்லிலிருந்து தங்கத்தைப் பிடித்துக்கொடுப்பது பாதரசத்தின் வேலை. பிடித்துக்கொடுத்ததும் அதை நெருப்பில் காய்ச்சி, ஆவியாக்கி விரட்டிவிட்டார்கள். போக்கிடமில்லாமல் அது மழையோடு ஓடைக்கு வந்து சேர்ந்தது.

"நீயும் கொல்வாயா?" என்று கெண்டை ஒதுங்கியது.

"சேச்சே! அவன் முரடன், அக்கா. நான் யாரையும் அப்படி ஒரேயடியாகச் சாகடித்ததில்லை."

கெண்டைக்கு மனம் இளகியது. "பாவம், இங்கேயே இருந்துகொள்."

"இருக்கிறேன். எனக்கு அவசரமே இல்லை," என்றது பாதரசம். "வயிற்றில் முட்டை இருக்கிறது போலிருக்கிறதே, அக்கா?"