ஊசி மாற்றிய திங்கட்கிழமை

மதுமதி தைக்கும் பனியன்களில் மட்டும் தையலோரம் பொடிப்பொடி ஓட்டைகள் விழுந்தன. நேர்த்தியாகத் தைப்பவள், காரணம்தான் பிடிபடவில்லை. லைன் சூப்பர்வைசர் ஜெபசிங் இரண்டு நாளில் அறுபது பீஸ் ரிஜெக்ட் செய்துவிட்டார்.

"நாளையிலருந்து வர வேண்டாம்மா. மேனேஜர்ட்ட சொல்லிட்டேன்" என்றார்.

"சரிங்கண்ணா. நீங்க சர்ச்சுக்குப் போறத எதுக்கு விட்டேன்னு அன்னைக்குச் சொன்னீங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"சும்மா சொல்லுங்க."

"குறையோட படைச்சது ஆண்டவரு. அந்தக் குறைக்கே தீர்ப்புச் சொல்லி, நம்மளை அக்கினிக் கடல்ல தள்ளுவாராம். எனக்கு அது நியாயமாப் படல."

"எனக்கும் படலீங்க. திங்கக்கிழமை ஊசி மாத்துற வரைக்கும் என்ற பீஸ்ல ஒரு ஓட்டை இல்லீங்க."

"மாத்துனது யாரு?"

"நீங்கதானுங்க."

ஜெபசிங் அவள் மெஷினின் ஊசியைக் கழற்றித் தன் நகத்தில் இழுத்துப் பார்த்தார். கீறியது; கூர்முனை ஊசி. பனியன் துணியோ நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னிய துணி. கூர்முனை பட்டால் நூல் அறுந்துவிடும். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேனேஜரிடம் போய், "தப்பு என்னோடது சார், அந்தப் பிள்ளை இருக்கட்டும்" என்றார். திரும்பி வந்து, நூலை அறுக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கும் உருண்டைமுனை ஊசியை மாட்டினார். அடுத்துத் தைத்த பத்துப் பனியன்களிலும் ஓட்டை இல்லை.