யார் போட்ட பூட்டு?

"யாருன்னு மட்டும் சொல்லு. இன்னிக்கே சீட்டைக் கிழிச்சுடறேன்" என்றார் செல்வநாதன்.

திருவொற்றியூரில் இருக்கும் அந்தக் கன்டெய்னர் யார்டின் மேனேஜர் அவர். சில நாளாக மத்தியானம் ஆனால் போதும், யார்டின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். எந்த லாரிக்கும் அடுத்த ட்ரிப் போட முடியாது. வண்டிகள் எண்ணூர் ரோடு வரை வால் நீட்டி நிற்கும். துறைமுகத்திலிருந்து போன் மேல் போன்.

"வழக்கம்போல ரீஸ்டார்ட் பண்ணித் தொலை."

"வேண்டாம் சார்" என்றாள் ஜெமிமா. டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. "டேட்டாபேஸ்ல யாரோ பூட்டுப் போட்டு வெச்சிருக்காங்க. ரீஸ்டார்ட் பண்ணினா பூட்டும் போயிடும், போட்டவங்க தடயமும் போயிடும். இன்னிக்கு விடப்போறதில்ல."

"வெளிய வண்டி நிக்குதும்மா!"

"நாளைக்கு நிக்கக் கூடாதுன்னா இன்னிக்குக் கொஞ்சம் நிக்கட்டும்."

அவளும் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டுதான் இருந்தாள். முதலில் மாதாந்திர ரிப்போர்ட்டைச் சந்தேகப்பட்டாள். நிறுத்திப் பார்த்தாள். அப்புறம் பேக்கப். அதை ராத்திரிக்குத் தள்ளிவிட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை. மத்தியானமானால் லாரிப் பதிவு அட்டவணைக்குப் பூட்டு விழுந்துவிடும்; ஒருவர் திறந்துவைத்த பதிவை அவர் மூடும்வரை மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் காத்துக் கிடக்கும்.

இன்று பூட்டு விழுந்திருக்கும்போதே உள்ளே இறங்கினாள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனாள். பில் போடும் கம்ப்யூட்டர், கிரேன் கம்ப்யூட்டருக்காகக் காத்திருந்தது. கிரேன், ட்ரிப் போடும் கம்ப்யூட்டருக்காக. அது வேறொன்றுக்காக.

அந்த வேறொன்று, கேட் கவுன்ட்டர்.

ஒரு லாரியின் பதிவைத் திருத்தத் திறந்து, 'சேவ்' கொடுக்காமலே விட்டிருந்தார்கள். எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டதால், கேட் கம்ப்யூட்டரிலேயே பதிவாகியிருந்த முந்தைய நாட்களின் லாக்கையும் புரட்டிப் பார்த்தாள். அங்கேயும் அதே கதை. தினமும் ஒரு லாரி. ஒவ்வொரு நாளும் வேறு வேறு லாரி.

"கேட்ல கன்னியம்மாதானே?" செல்வநாதன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஒரு தடவைன்னா மறதி. தினமும்னா? எதிர் யார்டுக்காரன் பேச்சைக் கேட்டு ஆடுறா!"

"நான் போறேன் சார். நீங்க வந்தா வாயே திறக்க மாட்டாங்க."

கேட் கவுன்ட்டரில் ஆள் இல்லை. திரையில் ஒரு லாரியின் பதிவு திறந்தபடி கிடந்தது. கன்னியம்மா வெளியே வெயிலில், ஒரு லாரியை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"ஆரன் அடிக்காத நைனா!" பின்னால் நின்ற வண்டிக்காரனைக் கையமர்த்தினாள்.

"அக்கா, உள்ள ஒரு பதிவு திறந்திருக்கே, நீங்கதானா?"

கன்னியம்மா மழுப்பவில்லை. "நான்தான் மேடம்."

"ஏன்க்கா?"

அவள் லாரியின் கேபினைக் காட்டினாள். ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான் டிரைவர்.

"ஓசூர்லேந்து ராவெல்லாம் ஓட்டிகினு வந்து கீறான். வந்து பல்லுகூட வெளக்கல, அடுத்த ட்ரிப்பு ஹார்பருக்குப் போட்டுடுது உங்க கம்ப்யூட்டரு. மாட்டேன்னா மறுவாட்டி கூப்ட மாட்டாங்கோ. ரோட்ல புள்ளைங்க சைக்கிள்ல போவுது மேடம்."

"அதுக்கு?"

"பதிவைத் தொறந்து வெச்சா அந்த வண்டிக்கு ட்ரிப்பு வுழாது. ஒருநாளு தொறந்தது தொறந்தபடி வுட்டுட்டு டீ குடிக்கப் போனப்போ கண்டுகினேன். ஒரு மணி நேரம் தூங்கட்டும், அப்பாலிக்கா சேவ் குடுத்துருவேன்."

"நின்னது ஒரு வண்டி இல்லக்கா. மொத்த யார்டும் இதாலதான் நிக்குது."

கன்னியம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "ஐயோ! நான் ஒரு வண்டியதான மேடம் நிறுத்துனேன்! சிஸ்டம்தான் பேஜாரு பண்ணுதுன்னு நெனச்சுகினு இருந்தேனே!"

ஜெமிமா உள்ளே போய் 'சேவ்' கொடுத்தாள். வண்டிகள் நகர ஆரம்பித்தன. ட்ரிப் போடுபவர்களை போனில் கூப்பிட்டாள். "அந்த ஓசூர் வண்டியை வெச்சு டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன். அதை மட்டும் கடைசியாப் போடுங்க."

தன் இடத்துக்குத் திரும்பியும் கன்னியம்மா சொன்னது விடவில்லை. ஒரு வண்டியை நிறுத்தினால் ஒரு வண்டிதானே நிற்க வேண்டும்?

தோண்டிப் பார்த்தாள். லாரி நம்பருக்கு இன்டெக்ஸ், அதாவது எந்த லாரி எந்த வரியில் என்று சட்டெனக் காட்டும் பட்டியல், போடவே இல்லை. அதனால் ஒரு லாரியைத் தேட, டேட்டாபேஸ் அட்டவணை முழுவதையும் வரி வரியாகத் துழாவி, தொட்ட வரிக்கெல்லாம் பூட்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. போடாமல் விட்டது அவளுடைய ஆட்கள்தான். உட்கார்ந்து சரிசெய்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"என்ன, கன்னியம்மாதானே?" செல்வநாதன் வாசலிலேயே மறித்தார்.

"தப்பு எங்க மேல சார். சரி பண்ணிட்டேன். இனிமே ஒரு வண்டியால இன்னொரு வண்டி நிக்காது."

அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"இன்னொண்ணு சார். ராத்திரியெல்லாம் ஓடி வர்ற வண்டிக்கு இன்ஜின் கொதிச்சுக் கிடக்கும். உடனே அடுத்த ட்ரிப் போட்டா மக்கர் பண்ணும். கேட்லயே ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்க ஒரு பட்டன் போட்டுடட்டுமா?"

"உடனே போடும்மா! இன்ஜின் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? அதுக்கும் ரெஸ்ட் வேணும்ல!"

மறுநாள் கேட் திரையில் புதுசாக ஒரு பட்டன் இருந்தது. 'இன்ஜின் சூடு: ஒரு மணி நேரம் ஓய்வு.'

கன்னியம்மா விழித்தாள். "இன்னா மேடம் இது? இன்ஜின் சூடா கீதான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

ஜெமிமா அவள் காதருகே குனிந்தாள்.

"டிரைவர் முகத்தைப் பாருங்கக்கா, தெரிஞ்சுடும்."