ஒரே ஒரு கார்பன் மேடு

பிற்பகல் வெயில் திரைச்சீலையின் ஓரமாக நுழைந்து கணினியில் விழுகிறது. விண்மீன்கள் ஆவேசமாய்ப் பிறந்துகொண்டிருக்கும் ஒரு குட்டி விண்மீன் மண்டலத்தின் தொலை அகச்சிவப்பு ஒளி அங்கே நெளிகோடாய்க் கிடக்கிறது. அந்த மண்டலத்தில் கார்பன் குறைவு; கோட்டில் அது காட்டும் மேடும் சிறியது. காலையில் வானியல் ஆய்வாளரான அவள் கண்ட அந்த ஒற்றை மேட்டை நம்பித்தான், தொலைநோக்கியில் மறுபடி நேரம் கேட்கும் விண்ணப்பம் நான்கு மணிக்குள் போக வேண்டும். இப்போது மேட்டைக் காணவில்லை.

"என்னங்க பண்ணீங்க?"

"கோடு கோணலா இருந்துச்சு. ஒரு வளைவைப் பொருத்திக் கழிச்சேன்," என்கிறார், அவளுடைய ஆய்வகத்திலேயே வேலை செய்யும் கணவர்.

"எத்தனாம் படி வளைவு?"

"ஏழு."

"ஏழா! அத்தனை நெளிவு போட்டு மேட்டையும் சேத்து வழிச்சுட்டீங்களே. மீசையை ஒதுக்கச் சொன்னா மூக்கையே சீவிடுவீங்க போல."

மின்விசிறி கரகரக்கிறது. அவள் பழைய தரவைத் திறந்து, வெறும் நேர்கோட்டைக் கழிக்கிறாள். மேடு திரும்ப எழுகிறது, கோணலாக, தரவின் இரைச்சல் நடுக்கத்துக்குச் சற்றே மேலே. மணி மூன்று ஐம்பது.

"அந்த ஓரத்துல மட்டும் கொஞ்சம் சரி பண்ணிட்டா…" என்று அவர் மவுஸை நோக்கிக் கை நீட்டுகிறார்.

அவள் அந்தக் கையைப் பிடித்து இறுக்கிக்கொண்டு, மறுகையால் அந்தக் கோணல் படத்தையே விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புகிறாள்.