பக்கத்து வீட்டு அக்கறை

“வேணாம் சார்! உயிரோட விளையாடாதீங்க!”

கூவிக்கொண்டே கேட்டைத் திறந்து ஓடி வந்தார் பக்கத்து வீட்டுக்காரர். தபால்காரர் திகைத்துப் போனார்.

புயலில் தெரு முழுக்க மின்சாரம் போய் மூன்று நாளாகிறது. இன்று சாயங்காலத்துக்குள் மின்விசிறி சுற்றாவிட்டால் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவதாகச் சொல்லி, மனைவி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். தபால்காரர் அலைந்து திரிந்து ஒரு வாடகை ஜெனரேட்டரைப் பிடித்து, எலக்ட்ரீஷியனையும் கூட்டி வந்திருந்தார்.

“என்ன சார் ஆச்சு?”

“இதை வீட்டு லைன்ல கொடுத்தா, கரண்ட் திரும்பிப் போய் கம்பத்துல ஏறிடும். மேல ஒருத்தன் வேலை பார்த்துட்டிருப்பான். அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு சார்!”

தபால்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருஷமாக ஒரு தீப்பெட்டிகூடக் கடன் கொடுக்காத மனிதர். உள்ளுக்குள் இத்தனை ஈரமா!

எலக்ட்ரீஷியன் அலட்டிக்கொள்ளவில்லை. “அதுக்குத்தான் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டிருக்கேன். ஜெனரேட்டர் பக்கம் தள்ளினா கம்பத்து லைன் கட் ஆயிடும். வெளிய ஒரு பொட்டு கரண்ட் போகாது. இந்த வீட்டு ஒயர்ல மாட்டியிருக்கிறது மட்டும்தான் ஓடும்.”

“புகை? வீட்டுக்குள்ள வந்தா ஆளே காலி!”

“அதான் ஜன்னல் கதவுக்கெல்லாம் எட்டத்துல, வெட்டவெளியில வச்சிருக்கேன்.”

“எர்த்து?”

“கொடுத்தாச்சு.”

பக்கத்து வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. “அதுக்கில்லப்பா... ஒரு நீட்டு ஒயரை இழுத்து ஃபேனை மட்டும் மாட்டிக்கிட்டா ஆகாதா? வீட்டு லைன்ல எதுக்குக் கை வைக்கணும்? சார், நீங்களாவது சொல்லுங்களேன்!”

தபால்காரர் இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தார். இவ்வளவு நல்ல மனிதரின் பேச்சை எப்படித் தட்டுவது?

“ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன்!” என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

“தம்பி, போடுங்க!” என்றார் தபால்காரர்.

எலக்ட்ரீஷியன் கயிற்றைச் சுண்டி இழுத்தார். ஜெனரேட்டர் உறுமியது. சுவிட்சைத் தள்ளியதும் கூடத்தில் மின்விசிறி சுழன்றது. மனைவி பெட்டியைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தாள்.

தபால்காரர் பக்கத்து வீட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்க கவலைப்பட்ட மாதிரி கூடப்பிறந்தவன்கூட படமாட்டான் சார். இந்த மனசு யாருக்கு வரும்?”

“இருக்கட்டும் சார், கையை விடுங்க, வீட்ல ஒரு அவசர வேலை...”

எலக்ட்ரீஷியன் நெற்றியைச் சுருக்கினார். “ஒரே ஒரு ஃபேனுக்கு மெஷின் ஏன் இப்படி முக்குது?”

அப்போது மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டம்மாவின் தலை தெரிந்தது.

“என்னங்க, ஓடி வாங்க! தெருவுல யாருக்குமே கரண்ட் வரல, நம்ம வீட்ல மட்டும் ஃபேன், டி.வி., ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓடுது!”