கடைசி ஒன்பது விநாடி

"பிளான் சரிதான் கண்ணு. எக்ஸிக்யூஷன்லதான் சொதப்பிட்ட."

அச்சுதன் இதைச் சொல்வது நான்காவது தடவை. முதல் தடவை ஜிம் வாசலில், இரண்டாவது பார்க்கிங்கில், மூன்றாவது காரில். இப்போது ரவுண்ட் ராக் ஊரில் ஒரு தோசைக் கடையில். எதிரே மகள் யாமினி ஜெர்ஸியைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பதினான்கு வயதுப் பெண், மூன்று ஷிப்ட் பார்த்தவள் மாதிரி ஓய்ந்துபோயிருந்தாள். நெய் ரோஸ்ட் ஆறிக்கொண்டிருந்தது.

"சாரிப்பா" என்றாள். அதுவும் நான்காவது தடவைதான்.

நடந்தது இவ்வளவுதான். கூடைப்பந்து ஃபைனல். யாமினியின் டீம் ஒரு பாயின்ட் முன்னால். மிச்சம் ஒன்பது விநாடி. பந்து யாமினி கையில். அவள் இடது பக்கம் நின்ற தோழிக்கு பாஸ் கொடுத்தாள். அது போய்ச் சேருவதற்குள் எதிர் டீமின் பதினோராம் நம்பர் பெண் குறுக்கே பாய்ந்து பறித்துக்கொண்டு ஓடி, கூடையில் போட்டுவிட்டாள். ஆட்டம் முடிந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

தோற்றால் தோற்றுவிட்டுப் போகட்டும். கிளப்பின் முதல் டீமில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு யாமினியா, இன்னொருத்தியா என்று இந்த மேட்ச்சைப் பார்த்து முடிவு செய்வதாகக் கோச் சொல்லியிருந்தார். பார்த்துவிட்டார். உங்கள் மகளுக்குத் திறமை இருக்கிறது, பிரஷர்தான் தாங்கவில்லை, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று அச்சுதனின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருஷ உழைப்பு அந்தத் தட்டலோடு முடிந்தது. போதாக்குறைக்கு, பிரஷர் தாங்குவதற்கென்றே வியாழக்கிழமை தோறும் ஆன்லைனில் ஒரு மெண்டல் கோச் வேறு, மூச்சை இழுத்து விடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அச்சுதனும் சும்மா கைதட்டிவிட்டு வருகிற அப்பா இல்லை. ஈரோட்டில் காலேஜ் டீமில் ஆடியவர். போன சீசனில் கேலரியில் இருந்து ஆங்கிலத்தில் ஐடியா கொடுத்து ரெஃப்ரியிடம் வார்னிங் வாங்கினார். பெற்றோர் சொல்லித் தரக் கூடாதாம். அன்றிலிருந்து தமிழுக்கு மாறிவிட்டார். ரெஃப்ரி, பாவம், ஏதோ உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொள்வார். இந்தச் சாமர்த்தியத்தை ஆபீஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார் அச்சுதன்.

"உன் கண்ணுதான் காட்டிக் குடுத்துருச்சு. எந்தப் பக்கம் போடப் போறியோ அந்தப் பக்கமே பாத்துட்டு நின்னா, அவ சும்மா இருப்பாளா?"

யாமினி ரோஸ்ட்டின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள். காப்பெல் வீட்டில் இருந்து அம்மா ஸ்வர்ணா, என்ன ஆச்சு என்று இரண்டு தடவை மெசேஜ் அனுப்பிவிட்டாள். இருவருமே பதில் போடவில்லை. இன்னும் மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டும் என்று நினைத்தபோதே அச்சுதனுக்கு இடுப்பு வலித்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு அந்தப் பதினோராம் நம்பர் அப்பா அம்மாவோடு உள்ளே வந்தாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச இந்த ஊரில் வேறு ஹோட்டலா இல்லை என்று அச்சுதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயரத்தைப் பார்த்து, பஞ்சாபிப் பெண் என்று மேட்ச்சின்போதே அவர் முடிவு கட்டியிருந்தார்.

அவள் நேராக இவர்கள் மேஜைக்கு வந்து, யாமினிக்குக் கை கொடுத்தாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள்.

"வணக்கம் அங்கிள், எம்பேரு வான்மதிங்க. நீங்க ஈரோடுங்களா? நாங்க பெருந்துறைங்க, மூணு வருஷம் முன்னாலதான் வந்தோம். நீங்க கத்துனது அப்படியே எங்க மாமா கத்தற மாதிரியே இருந்துச்சுங்க."

அச்சுதன் பிய்த்த தோசையை வாய்க்குக் கொண்டுபோகாமல் தட்டிலேயே வைத்தார்.

"கடைசில, 'யோசிக்காத, எடது பக்கம் குடு'ன்னு சொன்னீங்கல்லங்க? அதைக் கேட்டுத்தான் அந்தப் பக்கம் ஓடுனேன். சாரிங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு, அவள் அப்பா அம்மா உட்கார்ந்த மேஜைக்குப் போய்விட்டாள்.

அச்சுதன் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை. ஜிம் வாசலில் இருந்து இதுவரை பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று மகளிடம் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு கேள்வி வந்தது.

"அவளுக்குத் தமிழ் தெரியும்னு உனக்குத் தெரியாதுதானே கண்ணு?"

"தெரியும்ப்பா. ஃபர்ஸ்ட் ஹாஃப்லயே தெரியும். நீங்க எதைச் சொன்னாலும் எனக்கு முன்னாடி அவ அங்க போயிடறா."

"தெரிஞ்சுமா அங்கயே குடுத்தே? ஏன் சாமி?"

யாமினி முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"போன மாசம் ஃப்ரிஸ்கோல ஆடுன மேட்ச்ல நீங்க சொன்னதை நான் கேக்கல. ஜெயிச்சோம்ப்பா. நீங்க மூணு நாள் எங்கிட்ட பேசல."