தண்ணி கேட்காத வண்டி

"கொட்டகைக்கு நடுவுல சுவர் வை. இனிமே என் பக்கம் அவன் காலே படக்கூடாது" என்றார் பெரியவர்.

கொத்தனார் நூலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "தம்பி ஊர்லேர்ந்து வந்ததும் ஒரு வார்த்தை பேசிட்டு..."

"பேச என்ன இருக்கு? உழவு நேரத்துல என் டிராக்டரைக் கழுத்தறுத்துட்டுப் போயிருக்கான்."

சங்கதி இதுதான். ஆறு வருஷத்துக்கு முன் பாகம் பிரித்தபோது, குடும்பத்தின் பழைய டீசல் டிராக்டர் பெரியவருக்கு வந்தது. காற்றாலேயே சூடு தணிகிற இன்ஜின். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றுகிற வேலை கிடையாது. சின்னவர் ரேடியேட்டர் வைத்த புது வண்டி வாங்கினார். நிலம் இரண்டானாலும் கொட்டகை ஒன்றாகவே இருந்தது.

அன்றிலிருந்து பெரியவருக்குக் காலையில் முதல் வேலை, தம்பி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போது எதிரே வந்து நிற்பதுதான்.

"என்னடா, புள்ளைக்கு அதுக்குள்ள தாகம் எடுத்துடுச்சா? கொஞ்சம் பால் கலந்து கொடேன்."

சின்னவர் மூடியைத் திருகிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அதோடு விட்டாலாவது தேவலை. விதைக் கடை, உரக் கடை, கல்யாண வீடு, துக்க வீடு என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம் பெரியவருக்கு அதே பாட்டு.

"என் வண்டி தண்ணி கேட்காது, கவனிப்பு கேட்காது. சாவியைப் போட்டா ஓடும். அப்படியே என்னை மாதிரி."

பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி, அந்தக் கடைசி வார்த்தைக்கு மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாள்.

சின்னவர் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. அறுப்பு முடிந்த வயலை மழைக்கு முன்னால் உழுதுவிட வேண்டும் என்று பெரியவர் ஓயாமல் வண்டியை ஓட்டினார். வைக்கோலும் தூசுமாகப் பறந்தது. நேற்று பாதி வயலில் இன்ஜின் அனலாகக் கொதித்து, இழுவை குறைந்து, கருகல் வாடையோடு நின்றுவிட்டது.

தகர மூடியைக் கழற்றிப் பார்த்தார். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளுக்கு நடுவே, தலையணைக்குப் பஞ்சு அடைத்த மாதிரி வைக்கோல்.

கொட்டகைச் சாவி இருப்பது இரண்டு பேரிடம்தான். போதாக்குறைக்கு மனைவியும், "சாயங்கால நேரத்துல உங்க தம்பி உங்க வண்டிக்குள்ள கையை விட்டுக்கிட்டு நிப்பார். நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். எதையோ தொலைச்சுட்டுத் தேடறார்னு நினைச்சேன்" என்றாள்.

பெரியவருக்கு அது போதும். மெக்கானிக்குக்கு ஒரு போன், கொத்தனாருக்கு ஒரு போன்.

காலை பஸ்ஸில் இறங்கி வந்த சின்னவரைப் பையைக்கூடக் கீழே வைக்க விடவில்லை.

"உன் வண்டிக்குத் தண்ணி ஊத்தறதைக் கிண்டல் பண்ணினேன். அதுக்காக என் வண்டிக்குள்ள வைக்கோல் அடைப்பியா? கூடப் பொறந்தவன் செய்யற வேலையாடா இது?"

சின்னவர் டிராக்டரைப் பார்த்தார். கொத்தனாரின் நூலைப் பார்த்தார்.

வண்டிக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்தார்.

"யாரும் அடைக்கலைங்க. முன்னாடி இருக்கிற காத்தாடி காத்தை இழுக்கும்போது தூசையும் வைக்கோலையும் சேர்த்துத்தான் இழுக்கும். எல்லாம் தகட்டுல போய் உட்காரும். அறுத்த வயல்ல ஓட்டினா அடைச்சுக்கறதுக்குப் பத்து நாளே ஜாஸ்தி. தினமும் துடைக்கணும். நீங்க துடைக்கிறதில்லையா?"

"நானா?" பெரியவர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆறு வருஷத்துல நேத்துதான் இந்த மூடியையே திறந்தேன்."

"இருக்காதுங்களே. திறந்து திறந்து நட்டெல்லாம் தேஞ்சு போயிருக்கு. தகட்டு இடுக்குல பிரஷ் போட்ட தடம் இருக்கு. யாரோ ஒழுங்காத் துடைச்சிருக்காங்க. இந்தப் பத்து நாளாத்தான் துடைக்கலை."

கொட்டகையில் எல்லோரும் சின்னவரைப் பார்த்தார்கள்.

பெரியவர் தகட்டு இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். "என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றார்.

"பாகம் பிரிச்ச அன்னிக்கே சொன்னேன். காத்துல ஓடற வண்டிக்கு எதுக்குடா துடைப்பம்னு நாலு பேர் எதிர்ல சிரிச்சே."

பெரியவர் கிட்டே போய்த் தம்பியின் தோளில் கை வைத்தார்.

"காலையில நான் உன்னை வாய்க்கு வந்தபடி பேசுவேன். சாயங்காலம் நீ வந்து என் வண்டியைத் துடைச்சிருக்கே. உனக்கு என் மேல அவ்வளவு பாசமாடா?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொத்தனார் யாரும் சொல்லாமலே நூலைச் சுருட்டினார்.

சின்னவர் பையைக் கீழே வைத்தார்.

"பாசம் இருக்கட்டும் அண்ணே. உன் வண்டி நின்னா அடுத்த நிமிஷம் என் வண்டியைக் கேட்பே. அண்ணனாச்சே, இல்லைன்னு சொல்ல வாய் வராது. அதை உன் கையில கொடுக்கறதுக்கு, இதைத் தினமும் துடைச்சுத் தொலைக்கிறதே மேல்னு தோணுச்சு."